வரலாற்று வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும்: பாடநூல் எழுதுவோருக்கும் கலைத்திட்ட அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மலேசியக் கல்வி அமைச்சின் கலைத்திட்ட மேம்பாட்டுப் பிரிவினர், பேராக் மாநிலக் கல்வி இலாகாவினர், தமிழ்ப்பள்ளிகளுக்கான வரலாற்றுப் பாடநூல்களை எழுதியும் மொழிபெயர்த்தும் வரும் ஆசிரியப் பெருமக்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

2027-ஆம் ஆண்டில் தொடக்கப்பள்ளியின் முதலாம் ஆண்டிலும் இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்திலும் தொடங்கும் புதிய பள்ளிக் கலைத்திட்டம், படிப்படியாக மேல் வகுப்புகளுக்கும் ஏறும். பாடநூல்கள் புதிதாக எழுதப்படும் காலம் அடிக்கடி வருவதில்லை. அச்சேறிவிட்டால் பல ஆண்டுகளுக்கு அவையே வகுப்பறையில் ஆட்சி செய்யும். ஆகவே எழுத்துப் பணி நடைபெறும் இந்தக் காலத்திலேயே, வரலாற்றுப் பாடத்தின் வாசலில் நின்றுவிடும் பிள்ளைகளைப் பற்றித் தங்களிடம் பேச விரும்புகிறேன். மெதுவாக வாசிக்கும் பிள்ளை, எழுத்துகள் இடம் மாறித் தெரியும் பிள்ளை, பார்வை குறைந்த பிள்ளை, காது கேளாத பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளை, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை ஆகிய அனைவரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நான் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மாலை வேளைகளில் எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) உள்ள ஒரு பொதுமண்டபத்தில், பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்களுள் பலர் தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறையினர். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்துவிட்டது; தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. என்றாலும் எங்கள் ஊரில் காலடி வைக்கும் இடமெல்லாம் வரலாறுதான். 1948 ஜூன் 16 அன்று இவ்வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலம் பிறந்தது. நாட்டின் விடுதலைத் தலைவர்களுள் ஒருவரான துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊரும் இதுவே. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளை 'வரலாறு எனக்கு வராது' என்று சொல்லும்போது, குறையைப் பிள்ளையிடம் தேட என்னால் முடியவில்லை.

நிலைமையின் கடுமையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2014 முதல் தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டிலிருந்தே வரலாறு தனிப் பாடமாகிவிட்டது. 2013 முதல், ஐந்தாம் படிவத்தின் இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் வரலாற்றில் தேறாதவருக்கு முழுச் சான்றிதழ் கிடையாது. மற்றப் பாடங்களில் நன்றாகச் செய்த பிள்ளையையும் இந்த ஒரு பாடம் நிறுத்திவிட முடியும். அத்தகைய பாடம் எல்லாப் பிள்ளைகளும் நுழையக்கூடிய வகையில் அமைய வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், தன் 28-ஆம் பிரிவில், கட்டட வசதி, கருவிகள், கற்பித்தல் பொருள்கள், கற்பிக்கும் முறை, கலைத்திட்டம் ஆகிய அனைத்திலும் பிள்ளையின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாட்டைச் செய்துதர வேண்டும் என்று கூறுகிறது. மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா 2010-இல் ஏற்றுக்கொண்டது. சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019 முதல் நடப்பில் உள்ளது. பள்ளி வாசல் திறந்துவிட்டது. அதற்கு நன்றியுள்ளவனாக இருக்கிறேன். அடுத்துத் திறக்க வேண்டியது பாடத்தின் வாசல்.

இன்றைய வரலாற்று வகுப்பு எதை அளக்கிறது என்று நடுநிலையோடு பார்த்தால், பெரும்பாலும் அது வாசிப்பு வேகத்தையும் கையெழுத்தையும் மனனத்தையும்தான் அளக்கிறது. காரணம் எது, விளைவு எது, யார் சொன்னது, அதை எப்படி நம்புவது, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்ற கேள்விகளே வரலாற்று அறிவின் உயிர். அவற்றைக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு, பதிலை வரிவரியாக எழுதத் தெரியாத ஒரே காரணத்தால் ஆறு அடைவுநிலைகளுள் இரண்டாவது என்று பதிவாகிறது.

என்னிடம் வரும் ஒரு மாணவன் டிஸ்லெக்சியா உள்ளவன். ஐந்தாம் ஆண்டு படிக்கும் அவனுக்கு ஒரு பத்தியை வாசித்து முடிக்கப் பாதி வகுப்பு நேரம் வேண்டும்; 'ன'வும் 'ண'வும் 'ள'வும் அவன் கண்முன் கலைந்துபோகும். அவனுடைய பூட்டனார் ஜப்பானியர் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) கொண்டுபோகப்பட்டவர். திரும்பி வந்த சிலருள் ஒருவர். 1942-க்கும் 1943-க்கும் இடையில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட அந்த மரண ரயில்பாதையைப் பற்றி அவன் வாய் திறந்தால் வகுப்பே அடங்கிவிடும். தோட்டத்தில் இளவட்டங்களை எப்படித் திரட்டினார்கள், சம்பளமும் சாப்பாடும் தருவதாகச் சொன்னது என்ன ஆயிற்று, காட்டில் காலரா வந்தபோது என்ன நடந்தது, காலில் புண் புரையோடியவர்களின் கால் ஏன் வெட்டப்பட்டது என்று பாட்டியிடம் கேட்டதை ஒழுங்கு குலையாமல் சொல்வான். "பூட்டனார் சொன்னதுதான் உண்மை என்று எப்படித் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டேன். அவன் சற்று யோசித்து, "பக்கத்து வீட்டுத் தாத்தாவும் அதையேதான் சொல்றாரு சார், ஆனா அவங்க ரெண்டு பேரும் வேற வேற தோட்டம்" என்றான். சான்றுகளை ஒப்பிடுவது பற்றி இதைவிடத் தெளிவான விடையை எந்தப் பயிற்சி நூலிலும் நான் கண்டதில்லை. ஆனால் அந்த விடையை எழுதி வைக்க அவனுடைய பயிற்சி ஏட்டில் இடமே இல்லை.

வகுப்புசார் மதிப்பீடு வந்தபோது நான் உள்ளூர மகிழ்ந்தேன். ஆறு அடைவுநிலைகளை ஆசிரியரே பல வழிகளில் கண்டறியலாம் என்று அது சொல்கிறது. எழுத்துத் தாள்தான் வேண்டும் என்று எங்கும் கட்டாயமில்லை. எனினும் நடைமுறையில், சான்று காட்ட வேண்டிய அச்சத்தில் ஆசிரியர்கள் தாள்களையே சேர்த்து வைக்கிறார்கள். வாய்மொழி விளக்கத்தின் குரல் பதிவு, களிமண் மாதிரி, படக்கோவை, சைகை மொழியில் சொன்னதன் காணொளி, வரிசைப்படுத்திய அட்டைகளின் புகைப்படம் ஆகியன எழுத்துத் தாளுக்கு ஈடான சான்றுகள் என்று ஒரே ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி, மாதிரிகளோடு பள்ளிகளுக்கு அனுப்பினால் போதும். செலவில்லாத சீர்திருத்தம் இது. மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து பார்வையிட வரும் அதிகாரிகளுக்கும் அதே பக்கம் போய்ச் சேர வேண்டும். ஆசிரியரின் தயக்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

இனி பாடப்பொருளுக்கு வருகிறேன். சிறப்புத் தேவையுள்ள பிள்ளை வரலாற்றுப் பாடத்தில் தன்னைப் போன்ற ஒருவரைக் கண்டதுண்டா? வீரர்களும் மன்னர்களும் தலைவர்களும் வரும் பக்கங்களில் உடற்குறையோடு வாழ்ந்தவர் எவரும் இல்லை என்றால், 'நாம் வரலாற்றில் இல்லாதவர்கள்' என்பதைப் பிள்ளை யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்ளும். ஆனால் இந்த நாட்டு வரலாற்றின் முதல் அத்தியாயத்திலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். எங்கள் பேராக் மாநிலத்தில், கோலகங்சாருக்கு வடக்கே, லெங்கோங் பள்ளத்தாக்கில் உள்ள குனோங் ருந்து குகையில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் 1990-களின் தொடக்கத்தில் ஒரு முழு எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். அந்தப் 'பேராக் மனிதர்' ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவருடைய இடக்கையும் அதன் விரல் எலும்புகளும் பிறவியிலேயே வளர்ச்சி குன்றியவை. அப்படியிருந்தும், வேட்டையாடியும் காய்கனி தேடியும் பிழைத்த அக்காலத்தில், அவர் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். இறந்தபின் கால்களை மடக்கி, கற்கருவிகளும் இறைச்சியும் ஆற்று நத்தைகளும் உடன்வைத்து, மிகுந்த கவனத்தோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் தம் கூட்டத்தாரால் பேணப்பட்டவர், மதிக்கப்பட்டவர் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு அந்த அடக்கமே காரணம்.

2012-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த அந்தப் பள்ளத்தாக்கு எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய் வரக்கூடிய தூரம். கற்காலப் பாடத்தில் லெங்கோங்கைச் சொல்லும்போது கற்கருவியையும் குகையையும் மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், அந்த மனிதரின் கையைப் பற்றியும் சொல்லுங்கள் என்று பாடநூல் ஆசிரியர்களை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கை வளையாத ஒரு சிறுமியிடம் நான் இதைச் சொன்னபோது, அவர் எந்தக் கையால் சாப்பிட்டிருப்பார், கல்லை உடைக்க யார் உதவியிருப்பார்கள், அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்று அடுக்கடுக்காகக் கேள்விகள் வந்தன. அத்தனையும் நல்ல வரலாற்றுக் கேள்விகள். அவற்றைக் கேட்டது அவள் ஒருத்தி மட்டுமல்லள். அவளுக்கு அருகில் அமர்ந்திருந்தவர்களும் சேர்ந்தே கேட்டார்கள்.

பேராக் மனிதரோடு நிறுத்திவிடவும் வேண்டாம். 1930-இல் தொடங்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியேற்றத்தில், குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள் தங்களுக்கென ஓர் ஊரையே உருவாக்கி வாழ்ந்தார்கள். மரண ரயில்பாதையிலிருந்து கால் இழந்து திரும்பியவர்கள் தோட்டங்களில் வாழ்ந்திருக்கிறார்கள். நாட்டின் விளையாட்டுச் சாதனைகளைச் சொல்லும்போது, 2016-ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் முகமட் ரிட்சுவான் முகமட் புசி, முகமட் சியாட் சொல்கெஃப்லி, அப்துல் லத்திஃப் ரொம்லி ஆகிய மூவரும் வென்ற தங்கங்கள், அந்தப் போட்டிகளில் மலேசியாவுக்குக் கிடைத்த முதல் தங்கங்கள் என்பதும் இடம்பெற வேண்டும். அவர்களுள் இருவர் அறிவுத்திறன் குறைபாடு உள்ளோருக்கான பிரிவில் வென்றவர்கள். சிறப்புக் கல்வி வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இதன் பொருள் மிகப் பெரிது.

காலம் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது வரலாற்று ஆசிரியரின் மிகக் கடினமான வேலை. 1511, 1641, 1824, 1874, 1957 என்று எண்கள் பலகையில் வரிசையாக நிற்கும்போது, கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அவை தொலைபேசி எண்களைப் போலத்தான் தெரியும். நான் கயிற்றைப் பயன்படுத்துகிறேன். ஒரு முழம் ஒரு நூற்றாண்டு. இன்றைய நாளில் ஒரு முடிச்சு. அங்கிருந்து முக்கால் முழம்கூடப் போவதற்கு முன்பே 1957-இன் மெர்டேக்கா (விடுதலை) வந்துவிடும். ஒன்றரை முழத்தில், பேராக்கில் பிரிட்டிஷார் காலூன்றிய 1874-இன் பங்கோர் உடன்படிக்கை. ஐந்து முழத்தைத் தாண்டினால் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த 1511. அதன்பின் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும். மண்டபத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, திடலின் பாதிவரை போய் நூறு முழம் கடந்தால்தான் பேராக் மனிதர் வருவார். கண் தெரியாத பிள்ளை முடிச்சைத் தடவி அறிகிறது. உட்கார முடியாத பிள்ளைக்கு நடக்கக் கிடைக்கிறது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு முன்னே போகிறது. எண்ணில் கெட்டிக்காரப் பிள்ளைகூட அன்றுதான் பத்தாயிரம் ஆண்டு என்றால் எவ்வளவு என்று உணர்கிறது. ஒருவருக்காகச் செய்யும் ஏற்பாடு வகுப்பு முழுவதற்கும் பயன்படும் என்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். பாடநூலோடு ஒரு காலக்கயிற்றையும், தொட்டுணரக்கூடிய குறியட்டைகளையும் சேர்த்து அனுப்பினால் அச்சுச் செலவில் அது ஒரு பொருட்டாக இராது.

தோட்டப்புற நகரங்களுக்கு இன்னொரு வளமும் உண்டு. ரப்பர் பால் வெட்டும் கத்தி, பால் வடியும் மங்கு (கிண்ணம்), பால் வாளி, வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டா, பழைய செக்ரோல் (வருகைப் பதிவுப்) புத்தகம், சிவப்பு அடையாள அட்டை ஆகிய பொருள்கள் இன்றும் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. பார்வை மிகக் குறைந்த ஒரு மாணவியின் கையில், முனை மழுக்கிய பால் வெட்டும் கத்தியையும் பட்டையில் வெட்டு விழுந்த ஒரு மரத்துண்டையும் கொடுத்தோம். அவள் அந்தச் சாய்ந்த கோட்டின் வழியே விரலை ஓட்டி, அது முடியும் இடத்தில் மங்கை வைத்துப் பார்த்தாள். வெட்டு ஏன் சாய்வாக இருக்கிறது என்பதை அவளே கண்டுபிடித்தாள். விடியுமுன் ஏன் வேலைக்குப் போக வேண்டும் என்று அடுத்துக் கேட்டாள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும் என்று முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளியான ஓர் அம்மா விளக்கினார். அப்படியானால் கைக்குழந்தைகள் இருட்டில் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. ஆயாக் கொட்டகையின் கதை வந்தது. பெரட்டுக்கு (காலை வருகைக் கணக்குக்கு) நிற்பது, கங்காணி பெயர் கூப்பிடுவது, கிராணி கணக்கெழுதுவது என்று ஒன்றிலிருந்து ஒன்றாக ஒரு சமுதாய அமைப்பே அந்த மரத்துண்டிலிருந்து கிளைத்தது. குடியேற்ற ஆட்சிக் காலப் பொருளாதாரம் என்று பாடநூல் தலைப்பிடுவது இதைத்தான். 1877-இல் நடப்பட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. அங்கே பிள்ளைகளை அழைத்துப் போகும் பள்ளிகள், சக்கர நாற்காலி ஏறக்கூடிய பேருந்தை அமர்த்துவதற்கான கூடுதல் தொகையைப் பெற ஒரு வழி வேண்டும். இல்லாவிட்டால் சுற்றுலா நாளில் வீட்டில் இருக்கச் சொல்லப்படும் பிள்ளை எது என்பது எல்லாருக்கும் தெரியும்.

பாடநூலின் மொழியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 'கங்காணி முறையின் வாயிலாகத் தென்னிந்தியத் தொழிலாளர்கள் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டதன் விளைவாகப் பல்லினச் சமுதாயம் உருவாக்கம் பெற்றது' என்ற வகையில் அமையும் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்தவருக்கு இது இயல்பான வாக்கியம். பத்து வயதுப் பிள்ளைக்கு, அதிலும் வாசிப்புச் சிக்கல் உள்ள பிள்ளைக்கு, இது ஏற முடியாத மேடு. இதையே, 'பிரிட்டிஷார் மலாயாவில் ரப்பர் தோட்டங்களைத் திறந்தார்கள். வேலைக்கு ஆள் போதவில்லை. தோட்ட நிர்வாகம் கங்காணியைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. கங்காணி தம் ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்துக் கப்பலில் அழைத்து வந்தார். வந்தவர்கள் இங்கேயே குடும்பமாகத் தங்கினார்கள். இப்படிப் பல இனத்தவர் சேர்ந்து வாழும் சமுதாயம் உருவானது' என்று எழுதலாம். இதில் எந்தச் செய்தியும் குறையவில்லை, கூடியிருக்கிறது. யார் அனுப்பினார், யார் சேர்த்தார், யார் வந்தார் என்பது முதல் வாக்கியத்தில் மறைந்து கிடந்தது. எளிமையாக எழுதுவதென்றால் பொருளைக் குறைத்துவிடுவது என்று அஞ்சும் ஆசிரியர்களுக்கு இதைக் காட்ட விரும்புகிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தகைய எளிய வடிவம் ஒன்று, அதே பக்க எண்களோடும் அதே படங்களோடும் இருக்க வேண்டும். தனி நிறத்தில் தனிப் புத்தகமாகக் கொடுத்தால் அதைத் தூக்கிக்கொண்டு வரப் பிள்ளை கூசும். ஆகவே ஒரே நூலுக்குள் இரண்டு வாசிப்பு நிலைகளும் அமைவதே நன்று.

பாடநூலின் ஒலி வடிவம், பேரெழுத்து வடிவம், தமிழ்ப் பிரெயில் வடிவம் ஆகியன அச்சு நூல் வரும் அன்றே வர வேண்டும். பள்ளி திறந்து மாதங்கள் கழித்து வரும் பிரெயில் நூலால் அந்த ஆண்டு படிக்கும் பிள்ளைக்குப் பயன் இல்லை. வகுப்பில் திரையிடும் வரலாற்றுக் காணொளிகள் அனைத்துக்கும் தமிழில் வரிவடிவமும் (திரையின் அடியில் ஓடும் எழுத்துவரிகளும்), மலேசியச் சைகை மொழி விளக்கமும் வேண்டும். காது கேளாத பிள்ளைக்காக வரிவடிவம் இட்டால், தமிழை மெதுவாக வாசிக்கும் பிள்ளையும் அதிலிருந்து சொற்களைக் கற்றுக்கொள்ளும்.

கடுமையான நிகழ்ச்சிகளைச் சொல்லும் முறையிலும் கவனம் தேவை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவசரகாலம் தொலைதூரத்துச் செய்தியன்று. சுடப்பட்டவர்களும், சுட்டவர்களும், முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டவர்களும் இந்த மண்ணில் இருந்தவர்களே. ஜப்பானியர் காலச் சித்திரவதைக் காட்சிகளை முன்னறிவிப்பின்றித் திரையில் காட்டியதால், ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளை பல நாள் பள்ளிக்கே வர மறுத்ததை அறிவேன். உண்மையை மறைக்கும்படி நான் கேட்கவில்லை. இன்றைய பாடத்தில் என்ன வரும், எந்த இடத்தில் சத்தம் வரும், பிடிக்காவிட்டால் எங்கே போய் உட்காரலாம் என்பதைப் பாடம் தொடங்குமுன் படங்களின் வரிசையாகக் காட்டும் வழக்கம் ஆசிரியர் கையேட்டில் எழுதப்பட வேண்டும். அவ்வாறு காட்டிய வகுப்பில் அதே பிள்ளை அமைதியாக இருந்து, கடைசியில் கேள்வியும் கேட்டது.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே உள்ள ஒரு சிக்கலையும் தாங்கள் கருத வேண்டும். ஆறாம் ஆண்டுவரை வரலாற்றைத் தமிழில் படிக்கும் பிள்ளை, முதலாம் படிவத்தில் அதையே மலாய் மொழியில் சந்திக்கிறது. சராசரிப் பிள்ளைக்கே இது ஒரு தாவல். மொழி வளர்ச்சியில் தாமதம் உள்ள பிள்ளைக்கோ, தமிழில் அரும்பாடுபட்டு நிலைநிறுத்திய கருத்துகளெல்லாம் ஒரே விடுமுறையில் கரைந்துபோகின்றன. இறையாண்மை, குடியேற்றம், உடன்படிக்கை, அவசரகாலம் போன்ற அடிப்படைச் சொற்களைப் படத்தோடும் ஒலியோடும் இரு மொழிகளிலும் தரும் ஒரு சிறு அகரமுதலியை ஐந்தாம் ஆண்டிலேயே பாடநூலின் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடலாம். இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தால், பிள்ளைக்கு எது தெரியும், எந்த மொழியில் தெரியும் என்று அவர்கள் அறிவார்கள்.

பொதுப்பள்ளிக்குள்ளேயே தனி வகுப்பாக நடக்கும் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்புத் திட்டத்தில் படிக்கும் பிள்ளைகள், நான் கண்டவரை, உடற்கல்விக்கும் ஓவியத்துக்கும் பொதுவகுப்புக்கு அனுப்பப்படுகிறார்கள். வரலாற்று வேளையில் அனுப்பப்படுவது அரிது. வரலாறு கடினம், அவர்களுக்கு வேண்டாம் என்ற எண்ணமே அதற்குக் காரணம். குடும்பம், வீடு, பள்ளி, ஊர் என்று தொடங்கும் நான்காம் ஆண்டுப் பாடம் அந்தப் பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. துணையாளர் ஒருவரோடு அவர்களும் அந்த வகுப்பில் அமரட்டும். இதற்குப் பொது வகுப்பு ஆசிரியர்களின் ஒத்துழைப்பு வேண்டும். அவர்களுடைய சுமையை நான் அறிவேன். ஏற்கெனவே நிறைந்த வகுப்பு, முடிக்க வேண்டிய பாடத்திட்டம், நிரப்ப வேண்டிய படிவங்கள் ஆகியவற்றுக்கு நடுவே, ஆயத்தமான பொருள்கள் இல்லாமல், பலவகைத் தேவைகளையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்வது நியாயமாகாது. ஆகவேதான் இந்த மடலைத் தனித்தனி ஆசிரியர்களுக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதுகிறேன். கையேடும், எளிய வடிவமும், ஒலிப்பதிவும், தொட்டுணரும் அட்டைகளும் நூலோடு சேர்ந்தே வந்தால், ஆசிரியர் கற்பிப்பதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

பாடநூல் வரைவுகள் அச்சுக்குப் போகுமுன், அவற்றைச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் சிலரிடம் கொடுத்து வாசிக்கச் செய்து, அவர்கள் எங்கே தடுக்குகிறார்கள் என்று பார்க்கும் ஒரு கட்டத்தைத் தங்கள் பணி அட்டவணையில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். பெருநகரப் பள்ளிகளோடு நிறுத்தாமல், தோட்டப்புற நகரங்களிலும் அதை நடத்துங்கள். சுங்கை சிப்புட்டில் நடத்துவதானால் மண்டபம் ஏற்பாடு செய்து தரவும், பெற்றோரிடம் பேசி அவர்களுடைய இசைவைப் பெற்றுத் தரவும், பால்வெட்டுத் தொழிலில் இருந்த மூத்தவர்களை அழைத்து வரவும் நானும் இங்குள்ள முன்னாள் ஆசிரியர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளுக்கான வரைவுகளில் எது முதலில் ஆயத்தமானாலும் அதிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.